கிழக்கு கேலரியின் எண்ணிக்கை

வெண்மணல்பட்டினத்துக் கால்பந்து மைதானத்தில் பன்னிரண்டாவது நிழல் வந்து நின்ற அன்றைக்கு அங்கே இருந்த யாருக்கும் ஆச்சரியம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது, ஏனென்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு எது வந்தாலும் முதலில் சந்தேகம்தான் வரும். கரையில் நிறுத்து வாங்கிய மீனை ராவுத்தர் கடைத் தராசில் இன்னொரு முறை நிறுத்துப் பார்ப்பார்கள், கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்த நேரத்தைக் கோயிலில் போய் விசாரிப்பார்கள், மழை வருகிறது என்று ஒருவன் சொன்னால் வானத்தைப் பார்க்கும் முன்னே சொன்னவன் முகத்தைப் பார்ப்பார்கள். தென்கடல் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் கேப்டனும் கோல்கீப்பருமான சுகிர்தா அதே ஊர்க்காரி. ஊரிலுள்ள சந்தேகத்தில் பாதியை அவள் ஒருத்தியே வைத்திருக்கிறாள் என்று பி.டி. மிஸ் செபஸ்தியாள் சொல்வதுண்டு, கோல்கீப்பருக்கு அது நல்ல குணம்தான் என்றும் சேர்த்துச் சொல்வார்.

பல்கலைக்கழகத்தில் விளையாட்டு இடங்களுக்குக் குறைவில்லை. நீச்சல் குளம் இருந்தது, அதில் ஒருநாளும் தண்ணீர் விட்டதில்லை, என்.சி.சி. பிள்ளைகள் அதற்குள் இறங்கி அணிவகுத்தார்கள். உள்விளையாட்டு அரங்கம் இருந்தது, அதில் விடைத்தாள் திருத்தினார்கள். ஹாக்கி மைதானம் இருந்தது, அதில் பேராசிரியர்கள் கார் ஓட்டப் பழகினார்கள். டென்னிஸ் தளத்தில் விடுதிச் சமையல்காரர் மோர்மிளகாய் காயப்போட்டார். உயிரோடு இருந்தது கால்பந்து மைதானம் ஒன்றுதான். ஒவ்வொரு ஆண்டும் தென்மண்டலக் கோப்பைப் போட்டி அங்கேதான் நடந்தது, அந்த வாரம் முழுவதும் நாலு மணி ஆனால் கடைவீதியில் பாதிக் கடைகள் கதவைச் சாத்திவிட்டு மைதானத்துக்கு வந்துவிடும்.

அந்த மைதானத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. என்றைக்கோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு கல்லூரி, முகச்சாடை ஒன்றாக இருந்த இரட்டைப் பிள்ளைகளைத் தைரியமாகச் சேர்ந்தே இறக்கி, பன்னிரண்டு பேராகப் பாதி ஆட்டம் ஆடிக் கோப்பையைக் கொண்டுபோய்விட்டதாம். அந்த அவமானத்திலிருந்து, எந்த அணி இறங்கினாலும் கேலரியே சேர்ந்து வாய்விட்டு எண்ணும். எண்ணி முடித்தால்தான் ரெஃப்ரி விசில் ஊதலாம். மேற்கு கேலரிக்குக் கூரையும் நாற்காலியும் உண்டு, அவர்களுக்கு வெயில் முதுகுப் பக்கம், ஆகவே அவர்கள் ஆட்களை எண்ணினார்கள். கிழக்கு கேலரி படி வெட்டிய வெறும் மண்மேடு, சாயங்கால வெயில் நேராகக் கண்ணைக் குத்தும், ஆட்கள் கறுப்பாகக் கலங்கித் தெரிவார்கள். ஆகவே அவர்கள் தங்களைப் பார்த்து நீண்டு விழுகிற நிழல்களை எண்ணினார்கள். இத்தனை வருடமும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணில்தான் வந்து நின்றன.

இந்த வருடம் முதல் லீக் ஆட்டத்தன்று, சுகிர்தாவின் அணியை எண்ணும்போது, மேற்கு கேலரி பதினொன்றில் நின்றது. கிழக்கு கேலரி நிற்கவில்லை, இன்னொரு எண் போனது.

கிழக்கில் எண்ணிக்கைக்குத் தலைமை பொன்னையா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மேற்கிலிருந்து ஒருவர் எழுந்து நின்று, "எண்ணத் தெரியாதா அங்க?" என்று கையை ஆட்டிக் கேட்டார்.

"வாழ்நாள் பூரா ஓடுத பஸ்ஸுல தலை எண்ணுனவன் நான்," என்றார் பொன்னையா. "பன்னெண்டு விழுந்திருக்கு. வேணும்னா வந்து பாரும்."

ரெஃப்ரி வந்து பார்த்தார். பெண்களை வரிசையாக நிற்கச் சொன்னார். பதினோரு பெண்கள் நின்றார்கள், பதினோரு நிழல்கள் கிழக்கே சாய்ந்தன, வரிசையின் கடைசியில் யாருமே நிற்காத இடத்திலிருந்து இன்னொன்றும் ஒழுக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தலையில் கொண்டை, இடுப்பில் கை. ரெஃப்ரி விசிலைத் துடைத்துக்கொண்டார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். காலணி எப்படி இருக்கவேண்டும், நகம் எவ்வளவு இருக்கலாம், காதில் கம்மல் கூடாது என்பதெல்லாம் இருந்தது, நிழலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார்.

எதிரணி புகார் கொடுத்தது. போட்டிக் குழு கூடிப் பேசியது: நிழல் ஆட்டக்காரி அல்ல, எனவே அது வெளிப்பொருள், வெளிப்பொருள் மைதானத்துக்குள் வந்தால் ஆட்டத்தை நிறுத்தவேண்டும், ஆனால் கொடிக்கம்பத்தின் நிழலும் வெளிப்பொருள்தான், அதற்காகக் கொடியை இறக்க முடியுமா? கொடியை இறக்க யாருக்கும் துணிச்சல் இல்லாததால் நிழல் இருக்கலாம் என்று முடிவாயிற்று. பல்கலைக்கழகம் தன் பங்குக்கு மூவர் குழு ஒன்றைப் போட்டது. அதில் இயற்பியல் பேராசிரியர் ஒளியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், தமிழ்ப் பேராசிரியர் இருளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார், துணைப் பதிவாளர் மட்டும் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: அது விடுதியில் தங்குகிறதா, வீட்டிலிருந்து வந்துபோகிறதா?

ஊர் அதற்குள் தன் வேலையை ஆரம்பித்திருந்தது. ஒரு நிழல் இங்கே கூடுதலாக இருக்கிறதென்றால் எங்கேயோ ஒரு ஆளுக்கு நிழல் குறைந்திருக்கவேண்டும் என்பது வெண்மணல்பட்டினத்துக் கணக்கு. ஆகவே எல்லோரும் எல்லோருடைய காலடியையும் பார்த்தார்கள். குடை பிடித்துப் போகிறவர்களை மறித்து மடக்கச் சொன்னார்கள். வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறவர்களை ஏதாவது சாக்குச் சொல்லி வெயிலுக்கு அழைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்காராமல் நாலு மணிக்கு முற்றத்தில் உட்கார்ந்து பெண்ணைக் கிழக்கே பார்த்து நடக்கச் சொன்னார்கள். உச்சிப்பொழுதில் நிழல்கள் காலுக்குள் சுருண்டுகொள்ளும் நேரம் மட்டும் ஊரில் யாரையும் யாரும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குத்தந்தை அவரவர் ஆன்மாவைப் பாருங்கள், அடுத்தவர் காலடியைப் பார்க்காதீர்கள் என்று பிரசங்கம் வைத்தார், வெளியே வந்ததும் ஜனங்கள் அவர் அங்கிக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் நிழல் இருந்தது.

ஆள் கிடைக்காததால் ஊர் வேறு கதையைப் பிடித்தது. டீக்கடைகளில் அது நாளொரு மேனியாக வளர்ந்து முடிவில் இப்படி ஆகி நின்றது: அந்தப் பதினோரு பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியின் இடத்தில் நிற்கிறாள், இடத்தைப் பறிகொடுத்தவளின் நிழல்தான் கேட்டுக்கேட்டு வந்து நிற்கிறது. இந்தக் கதை மைதானத்துக்குள் வந்த அன்று பதினோரு பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பத்துப் பேர் சேர்ந்து ஒருத்தியைப் பார்த்தார்கள்.

அவள் உலகேஸ்வரி. இடது விங். மலையடிவாரத்துப் பக்கம் ஊர், பேச்சு கம்மி. இரண்டு வருடத்துக்கு முன்னால், அணித் தேர்வு நடந்த காலையில், அவள் ஒரு வெள்ளைக் காரிலிருந்து இறங்கியதை சுகிர்தா தன் கண்ணால் பார்த்தாள். அது சிண்டிகேட் உறுப்பினர் ஒருவருடைய கார், அதன் எண் பல்கலைக்கழகத்தில் வாட்ச்மேன் முதல் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத்தான் சுகிர்தாவின் சித்தி மகள் ஜெபமலர், அதுவரை இடது விங்கில் ஆடியவள், அணியில் இடமில்லாமல் வெளியே வந்தாள். சுகிர்தாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. சாயங்காலம் உடைமாற்றும் அறையில், உலகேஸ்வரி இல்லாத நேரம் பார்த்து, "சிபாரிசுல வந்தவ சிபாரிசுலயே ஆடட்டும்," என்றாள். "அவளுக்குப் பந்து போவக்கூடாது. என்ன?"

யாரும் ஏனென்று கேட்கவில்லை. கேப்டன் பேச்சு, அதோடு எல்லோருக்கும் ஜெபமலரைப் பிடிக்கும்.

அப்படித்தான் அது நடந்தது. முதல் பருவத்தில் உலகேஸ்வரி ஓடினாள். ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்து ஓடினாள், இடது கையை உயர்த்தினாள், "யக்கா, இங்க" என்று குரல் கொடுத்தாள். சின்ன வயதில் முறிந்து சரியாகக் கூடாத சுண்டுவிரல் அவளுக்கு, நிமிராது. கையை உயர்த்தினால் நான்கு விரல் நிற்கும், ஒன்று கொக்கியாக மடங்கியிருக்கும். "பந்து கேக்கவும் ஒரு ஒயிலு" என்று பெண்கள் கேலி பேசினார்கள். பந்து வலது பக்கமே போனது. இரண்டாம் பருவத்தில் அவள் குரல் கொடுப்பதை நிறுத்தினாள், பிறகு கை உயர்த்துவதை நிறுத்தினாள், பிறகு ஓடுவதையும் நிறுத்தினாள். கோட்டோரமாக ஒரே இடத்தில் நின்று, ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு விடுதிக்குப் போனாள். இரண்டு வருடமும் இறுதி ஆட்டத்தில் ஒரே மலைநாட்டு அணியிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். இரண்டு தடவையும் சுகிர்தா, சிபாரிசை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது என்றாள்.

செபஸ்தியாள் மிஸ்ஸுக்கு என்னமோ நெருடியது. ஒருநாள் பயிற்சி முடிந்து பந்துகளை வலைக்குள் போட்டுக் கட்டும்போது கேட்டார்.

"ஏட்டி, இடது பக்கம் பந்தே போவ மாட்டேங்கே. ஏன்?"

"அவ ஓட மாட்டேங்கா மிஸ்."

"ஓடாதவளையா நான் எடுத்தேன்?"

"எனக்கென்ன தெரியும் மிஸ், நீங்கதான எடுத்திய."

மிஸ் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். சுகிர்தா சொன்னதில் பொய்யும் இல்லை, அவள் முகத்தில் உண்மையும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மிஸ் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இந்த வருடம் சுகிர்தாவுக்கு எம்.ஏ. கடைசி வருடம், கடைசிக் கோப்பை. ரயில்வே அணியின் பயிற்சியாளர் இறுதி ஆட்டத்துக்கு இந்த முறையும் வருவதாக இருந்தது. ஜெயிக்கிற அணியிலிருந்துதான் ஆள் எடுப்பேன், தோற்கிற அணியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். சுகிர்தாவின் அம்மா தலையில் மீன் கூடை சுமந்து, கழுத்து எலும்பு தேய்ந்து, தலையைத் திருப்பவேண்டுமென்றால் உடம்போடு திரும்புகிறவள். மகளுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தால் கூடையை இறக்கி வைத்துவிடலாம் என்று அவள் தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. இனி ஒரு தோல்விக்கு இடமில்லை என்பது சுகிர்தாவுக்குத் தெரியும்.

நிழல் வந்த நாளிலிருந்து அவளுக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. முதலில் அவள் சந்தோஷப்பட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். தான் சொன்னதை ஒரு நிழலே வந்து நிரூபித்துவிட்டதாக நினைத்தாள். அது ஜெபமலரின் நிழல்தான் என்று அவள் அடித்துச் சொன்னாள், ஊரும் தலையாட்டியது, ஜெபமலரைக் கேலரியிலிருந்து இறக்கி வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். அவளுக்கு அவளுடைய நிழல் முழுசாக இருந்தது. "ஒருத்திக்கு ரெண்டு நெழலு இருக்கப்படாதா?" என்றார் பொன்னையா. இருக்கலாம் என்று ஊர் ஒத்துக்கொண்டது. ஜெபமலருக்கு இருக்கலாம் என்றால் வேறு ஒருத்திக்கும் இருக்கலாமே என்று ஊரில் யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் குற்றவாளி யாரென்று ஏற்கெனவே தெரிந்துவிட்ட பிறகு யோசிப்பது அந்த ஊர் வழக்கமில்லை.

ஆனால் கோல்கீப்பருக்கு மைதானம் முழுவதும் தெரியும். மற்றவர்கள் பந்தைப் பார்க்கும்போது அவள் இடங்களைப் பார்ப்பாள். அந்த நிழல் சும்மா நிற்கவில்லை என்பதை அவள்தான் முதலில் கண்டாள். அது ஓடியது. இடது பக்கமே ஓடியது, பந்து தங்கள் வசம் வந்த நிமிடத்தில் கோட்டை ஒட்டிக் கிளம்பி, எதிரணியில் தடுத்து நிற்கிற பேக்குக்குப் பின்னால் வளைந்து, கார்னர் கொடிப் பக்கம் பாய்ந்து, அங்கே நின்று திரும்பிப் பார்த்து, கையை உயர்த்தியது. யாரும் தராததால் திரும்பி நடந்து வந்தது. மறுபடியும் பந்து வந்தால் மறுபடியும் ஓடியது. உலகேஸ்வரி கோட்டோரம் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், பஸ் ஸ்டாப்பில் தனக்கில்லாத பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி.

லைன் ரெஃப்ரிகளுக்கு அது பெரிய தலைவலியாகிவிட்டது. நிழல் ஆஃப்சைடில் நின்றால் கொடியைத் தூக்குவதா வேண்டாமா? ஒருவர் பாதி தூக்கினார், ஒருவர் முதுகுக்குப் பின்னால் தூக்கினார். கிழக்கு கேலரியோ அதற்குள் இன்னொன்றைக் கிளப்பி விட்டிருந்தது, அந்த நிழலை மிதித்தால் மிதித்த கால் விளங்காது என்று. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை, எல்லா அணிகளும் நம்பின. நிழல் எங்கே போனாலும் எதிரணிப் பெண்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு சேற்றைத் தாண்டுகிறவர்களைப் போல ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சுகிர்தா தன் மனதுக்குள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்: அது நம்மைக் கெடுக்க வந்தது. பந்து கேட்கிற மாதிரி கேட்டு, கொடுத்தால் வெளியே விட்டுவிடும். எதிரணி ஏவிவிட்டதாகவும் இருக்கலாம். அதை நம்பினால் கோப்பை போய்விடும், ரயில்வே போய்விடும், அம்மாவின் கூடை இறங்காது. இப்படிச் சொல்லிக்கொண்டே அவள் ஒவ்வொரு பந்தையும் வலது பக்கம் அடித்தாள், அடித்துவிட்டு இடது பக்கம் அந்தக் கை மெதுவாக இறங்குவதைப் பார்த்தாள். ஏனென்று தெரியாமல் அவளுக்கு அது பொறுக்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு வழக்கம்போல மலைநாட்டு அணியே வந்தது. ஊரில் ஒரு கடையும் திறக்கவில்லை. மேற்கு கேலரியின் முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரயில்வே பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். மேற்கு பதினொன்று என்றது, கிழக்கு பன்னிரண்டு என்றது, இப்போதெல்லாம் அது வழக்கமாகிவிட்டதால் ரெஃப்ரி இரண்டையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு விசிலை ஊதினார்.

முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாதியில் சுகிர்தா வடக்கு கோலில் நின்றாள், அவளுக்கு வலப்பக்கம் வெயில், இடப்பக்கம் கிழக்கு கேலரி, அந்தக் கேலரிக்குக் கீழே கோட்டோரமாக உலகேஸ்வரி. மலைநாட்டுப் பெண்களுக்கு இந்த அணி வலது பக்கம் மட்டுமே ஆடும் என்று இரண்டு வருடப் பழக்கத்தில் மனப்பாடமாகியிருந்தது. வலது பக்கம் அடைத்து நின்றார்கள். சுகிர்தா அடித்த ஒவ்வொரு பந்தும் அவர்கள் தலையில் பட்டு அவளிடமே திரும்பி வந்தது, அவள் பாய்ந்து பாய்ந்து விழுந்து தடுத்தாள், இரண்டு முழங்கையும் உரிந்து ரத்தம் வந்தது. வெயில் இறங்க இறங்க நிழல்கள் நீண்டுகொண்டே போய்க் கேலரிப் படிகளில் ஏறின.

ஆட்டம் முடியப்போகிற நேரம் மலைநாட்டுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அவர்களுடைய பேக்குகளில் பாதிப்பேர் தலையால் முட்ட மேலே வந்துவிட்டார்கள். பந்து உயர்ந்து வந்தது, சுகிர்தா கூட்டத்துக்குள் புகுந்து இரண்டு கையாலும் அதைப் பறித்தாள். பறித்ததும் பழக்கத்தில் வலது பக்கம் பார்த்தாள். ஆள் ஆளாக நின்றார்கள், ஒரு சந்துகூட இல்லை.

அப்போது இடது பக்கம் அது ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் யாருமே இல்லை, இருந்த ஒரு பேக்கும் மிதிக்கப் பயந்து ஒதுங்கிக்கொண்டிருந்தாள். அது திரும்பிப் பார்த்தது, கையை உயர்த்தியது. சாயங்கால வெயிலில் அந்தக் கை மைதானத்தைக் கடந்து, கோட்டைக் கடந்து, கிழக்கு கேலரியின் மண் படியில் பெரிதாக விழுந்தது. படியில் உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் அதன் விரல்கள் விழுந்தன. நான்கு விரல் நிமிர்ந்திருந்தது. ஒரு விரல் கொக்கியாக மடங்கியிருந்தது.

சுகிர்தாவுக்கு அந்தக் கையைத் தெரியும். முதல் பருவத்தில் எத்தனை சாயங்காலம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியிருக்கிறாள்! ஜெபமலருக்கு எல்லா விரலும் நேராக இருக்கும். இடத்தைப் பறிகொடுத்தவள் யாரென்று அவளுக்கு அப்போது தெரிந்தது, பறித்தது யாரென்றும் தெரிந்தது. அவள் பந்தைக் கையிலிருந்து விட்டு, இருந்த பலமெல்லாம் சேர்த்து இடது பக்கம் அடித்தாள்.

பந்து தன் பக்கம் வருவதை உலகேஸ்வரி பார்த்தாள். பார்த்தும் அசையவில்லை. இதில் என்னவோ சூது இருக்கிறது என்றுதான் அவளுக்கும் தோன்றியது. ரயில்வேக்காரர் பார்க்கிறபோது தன்னைக் கேலிப்பொருளாக்கத்தான் தருகிறார்கள் என்று நினைத்தாள். அவள் கண்ணில் அந்த நினைப்பை அத்தனை தூரத்திலிருந்தும் சுகிர்தா படித்தாள், ஏனென்றால் அது தன்னுடைய பார்வைதான், தான் கற்றுக்கொடுத்தது.

"உலகு," என்று சுகிர்தா கத்தினாள். "ஓடுட்டி. உனக்குத்தான்."

மூன்று பருவத்தில் அவள் அந்தப் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. உலகேஸ்வரி ஓடினாள். முதல் நாலைந்து அடி தடுமாறித்தான் ஓடினாள், ஓட்டம் மறந்துபோன கால். அதற்குள் நிழல் திரும்பி அவளுக்காக வேகத்தைக் குறைத்த மாதிரி இருந்தது என்று பொன்னையா பின்னால் சொன்னார். பந்து தரையில் ஒரு தடவை குத்தி எழுந்த இடத்தில், நிழல் கை உயர்த்தி நின்ற இடத்தில், அவள் போய்ச் சேர்ந்தாள், தன் பழைய செருப்புக்குள் காலை விடுகிறவளைப் போல அதற்குள் நுழைந்தாள், அதன்பிறகு ஓட்டம் வேறாக இருந்தது. குறுக்கே வந்தவளைக் கடந்தாள், வெளியே வந்த கீப்பரைக் கடந்தாள், வெறும் கோலுக்குள் பந்தை மெல்லத் தட்டிவிட்டாள்.

லைன் ரெஃப்ரி கொடியைப் பாதி தூக்கினார். மலைநாட்டுப் பயிற்சியாளர் கோட்டைத் தாண்டி ஓடிவந்து, நிழல் ஆடிவிட்டது, பன்னிரண்டாவது ஆள் ஆடிவிட்டது, எண்ணுங்கள் என்றார். ரெஃப்ரி பெண்களை வரிசையாக நிறுத்தினார். இரண்டு கேலரியும் எழுந்து நின்று எண்ணின, ஒன்று, இரண்டு, மூன்று என்று மேற்கும் கிழக்கும் ஒரே குரலில் போய், பதினொன்று என்று சொல்லி, இரண்டும் நின்றன. பொன்னையா வாயைத் திறந்து பார்த்தார், மேற்கொண்டு எண்ணுவதற்கு எதுவும் இல்லை. லைன் ரெஃப்ரி கொடியைச் சுருட்டிக்கொண்டார்.

கோப்பை வாங்கி முடிந்த பிறகு ரயில்வே பயிற்சியாளர் இறங்கி வந்தார். சுகிர்தா முழங்கையில் மண் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"அந்த லெஃப்ட் விங் பொண்ணு பேரு என்னம்மா?" என்றார் அவர்.

"உலகேஸ்வரி, சார்."

"ரெண்டு வருஷமா ஃபைனலுக்கு வர்றேன். இவளைப் பார்த்த ஞாபகமே இல்லையே. எங்கே இருந்தா?"

"இங்கனதான் சார் நின்னா."

அவர் அவளை வினோதமாகப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு சுகிர்தாவின் பேரையும் கேட்டு, அதற்குக் கீழே எழுதினார். ஒருத்தியை எடுப்பாரா இருவரையும் எடுப்பாரா என்று அவர் சொல்லவில்லை. அம்மா மேட்டிலிருந்து உடம்போடு திரும்பித் திரும்பி அவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் உலகேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் நடந்தாள். சுகிர்தா ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா உலகு. செலக்சன் அன்னைக்கு ஒரு வெள்ளைக் காருல வந்து எறங்குனியே. அது..."

"எங்கப்பா ஓட்டுத காரு," என்றாள் உலகேஸ்வரி. "அன்னைக்கு எங்க ஊரு பஸ் வரல. மொதலாளியக் கொண்டுவிட வந்தாவ, என்னையும் ஏத்திக்கிட்டாவ. மொதலாளிக்கு நான் பந்து ஆடுவேன்னே தெரியாது."

"சொல்லியிருக்கலாம்லாட்டி?"

"யாரு யக்கா கேட்டிய? பந்தே தராதவங்ககிட்ட என்னத்தப் போய்ச் சொல்ல."

வாசலில் அந்த வெள்ளைக் கார் நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், மகளைக் கண்டதும் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். உலகேஸ்வரி முன் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னாலும் அவள் முன் கதவிலிருந்துதான் இறங்கியிருப்பாள். அன்றைக்கு சுகிர்தா காரைப் பார்த்தாளே ஒழியக் கதவைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது கிழக்கு மேட்டில் பொன்னையா இன்னும் உட்கார்ந்திருந்தார். வெற்றி அவரைச் சந்தோஷப்படுத்தியதாகத் தெரியவில்லை.

"ஏட்டி கீப்பர், இங்க வா. அந்தப் பன்னெண்டாவதை எங்க கொண்டு ஒளிச்சிய?"

"எங்கயும் ஒளிக்கல மாமா. பன்னெண்டு எப்பவும் இல்ல." சுகிர்தா உலகேஸ்வரி நின்ற கோட்டோரத்தைக் காட்டினாள். "மூணு வருசமா நாங்க பத்துப் பேராத்தான் ஆடுனோம். ஒருத்திய நான்தான் வெளிய நிப்பாட்டி வச்சிருந்தேன். கூடுதலா இருக்கான்னு எண்ணுனிய, கொறையுதான்னு ஒருநாளும் எண்ணலியே."

பொன்னையா அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் காலடியைப் பார்த்தார், அங்கே அவளுடைய நிழல் ஒன்றே ஒன்றுதான் கிடந்தது. அவர் அவளை நம்பவில்லை. வீட்டுக்குப் போகிற பெண்களின் பக்கம் திரும்பி, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.